நான்கு குரல்களுக்கு மதிப்பெண்

மாம்பழக் கூழை நாக்கில் வைத்து மதிப்பெண் போடுவதற்காக முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். சித்தூரை அடுத்த ஒரு கூழ்த் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. போன மாதம் அங்கே ஒரு கருவி வந்து இறங்கியிருக்கிறது. ஒரு கரண்டி கூழை உள்ளே விட்டால் இனிப்பு, புளிப்பு, வாசனை எல்லாவற்றையும் எண்ணாக அச்சடித்துக் கொடுத்துவிடுகிறதாம். ஆய்வகத்தில் இப்போதிருக்கும் பிள்ளைகள் போன் செய்தார்கள். "சார், ருசி பார்க்கிற குழுவைக் கலைச்சிட்டாங்க. நீங்க பேப்பர்ல எழுதினவர்தானே, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடலாம். கஷ்டமான கேஸ் ஒண்ணாவது இருக்கணும்" என்றார்கள்.

கஷ்டமான கேஸ் ஒன்றுதான் இருக்கிறது. அது கூழைப் பற்றியது இல்லை. ஒரு ராக் இசைக்குழுவில் இருந்த நான்கு பேரில் யார் நன்றாகப் பாடுகிறவர் என்பதைப் பற்றியது. அந்த நான்கு பேரில் ஒருவன் நான்.

நகரியில் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தேன். திருப்பதியில் வேதியியல் படித்தேன். வேலை கிடைக்காத இரண்டு வருஷம் ஒரு தமிழ் நாளிதழுக்கு எல்லையோர ஊர்ச் செய்திகள் எழுதினேன். 'பிரமாண்டமான கூட்டம்' என்று எழுதி அனுப்பினால் அங்கிருந்த செய்தி ஆசிரியர் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'எத்தனை பேர்?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பயிற்சி என்று சொன்னால் அதுதான். பிறகு தொழிற்சாலை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுக்காரர்கள் நேராக வந்து வாங்கத் தொடங்கியிருந்த காலம். கூழை நீல நிறப் பீப்பாய்களில் அடைத்து லாரியில் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். வாங்குகிறவர்கள் இனிப்பு எத்தனை, புளிப்பு எத்தனை என்ற கணக்கோடு நிற்கவில்லை. மனிதர்கள் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும் என்றார்கள். அதற்காக ஆறு பேர் கொண்ட குழு ஒன்று உண்டானது. அதை உண்டாக்கியவர் எங்கள் மேலதிகாரி வரலட்சுமி மேடம்.

மேடம் தினமும் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வருவார். தெலுங்குக்காரர், எங்களோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார். ருசி பார்க்கும் நாட்களில் தலையில் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். அறை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மூக்கால் சோதிப்பார். "ஏமண்டி, காலையில பூண்டு சட்னியா? ரேப்பு ராண்டி, நாளைக்கு வாங்க." அவ்வளவுதான். குரல் உயராது, விளக்கம் கிடையாது. அந்த ஆள் அன்று முழுவதும் பெட்டி எண்ண வேண்டியதுதான்.

அறைக்குள் பலகை வைத்துத் தடுத்த ஆறு கூண்டுகள். கூழின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு பல்பு. வெள்ளைக் கிண்ணங்களில் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். எந்தத் தோட்டத்துக் கூழ், எந்தப் பீப்பாய் என்று எழுதியிருக்காது. ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் ஒரு துண்டு. பேசக் கூடாது. பெருமூச்சும் விடக் கூடாது, பக்கத்துக் கூண்டுக்காரன் அதிலிருந்து ஏதாவது ஊகித்துவிடுவான். ஒன்பதுக்கு எத்தனை என்று எழுதிவிட்டு வெளியே வர வேண்டும்.

எல்லாவற்றையும் விட மேடம் கவனித்தது வரிசையை. முதல் கிண்ணத்துக்கு யாரும் ஒன்பது போட மாட்டார்கள். இன்னும் நல்லது பின்னால் வரலாம் என்று கையை இழுத்துக்கொள்வார்கள். புளித்த கூழுக்கு அடுத்து வைத்தால் சுமாரான கூழும் தேனாக இனிக்கும். அதனால் ஆறு பேருக்கும் ஆறு விதமான வரிசையில் கிண்ணங்கள் போக வேண்டும். அந்த வரிசைப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்திருந்தார். வேறு யாரையும் அவர் அதில் கை வைக்க விட்டதில்லை.

இனி இசைக்குழு. மாம்பழப் பருவம் முடிந்தால் தக்காளிக் கூழுக்காகப் பாய்லர் ஓடும், எங்கள் பெட்டிக் கொட்டகை மட்டும் எட்டு மாதம் காலி. மேனேஜரிடம் கேட்டு அங்கே பயிற்சி செய்தோம். டிவியில் புதிதாக வந்த பாட்டுச் சேனல்களைப் பார்த்து ஊருக்கு ஊர் கல்லூரிப் பையன்கள் கிட்டார் வாங்கிய சமயம் அது. எங்களுக்குப் பெயர் புளூ பேரல். கிட்டார் நான். டிரம்ஸ், திருப்பதியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஹரி. கீபோர்டு, சித்தூரில் கேசட் கடை வைத்திருந்த பாபு. பேஸ் கிட்டார், எங்கள் தொழிற்சாலையிலேயே பாய்லர் ஹெல்பராக இருந்த தேவராஜ்.

நான்கு பேரும் பாடுவோம். ஒவ்வொருவர் குரலையும் என்னால் இப்போதும் தாளில் எழுத முடியும். ஹரி: தாளம் தப்பவே தப்பாது. சுருதி வரியின் தொடக்கத்தில் சரியாக இருக்கும், கடைசிச் சொல்லுக்குள் இறங்கிவிடும். பாபு: சுருதி சரி, குரல் மெலிவு, சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குவான். நான்: சுருதி சரி, ஆங்கில உச்சரிப்பு சரி, மூச்சு எங்கே வாங்குவது என்று முன்கூட்டியே குறித்துவைத்துப் பாடுவேன். ஒரு தடவை கேட்டவருக்கு, இரண்டாவது தடவையும் அப்படியேதான் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

தேவராஜ் நாகலாபுரம் பக்கத்து ஊர்க்காரன். சொந்த நிலம் இல்லாத குடும்பம். அவன் அப்பா மாந்தோப்புக் குத்தகை எடுக்கத் தொடங்கிய காலத்தில், கிளிகளை விரட்டத் தோப்பு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியவன். பத்தாவது வரை படிப்பு. ஆங்கிலப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவான். என்ன பொருள் என்று கேட்க மாட்டான். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வருவான். நான் பொருள் தெரிந்து பாடினேன். கேட்டவர்கள் அவன் சொன்னதைத்தான் நம்பினார்கள்.

திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில் நான் ஆறு பாட்டுப் பாடினேன், அவன் இரண்டு. கீழே இறங்கியதும் ஒரு விரிவுரையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மியூசிக் ரொம்ப நல்லா செட் பண்ணியிருக்கீங்க. அந்த ரெண்டு பாட்டு பாடினவர் எங்கே?" என்று கேட்டார். நகரியில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது என் நைனா வந்திருந்தார். நாற்பது வருஷத் தறிச் சத்தத்தில் காது மந்தமானவர். வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் வாய அசைச்சிக்கினு இருந்தீங்க. அந்தக் கருப்புச் சட்டைப் பையன் பாடினதுதான் காதுல வுழுந்திச்சி. யாரு அது?" என்றார்.

அடுத்த பயிற்சியில் தேவராஜின் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தேன். ஒரே சொல்லைப் பத்து தடவை சொல்ல வைப்பேன். மற்றவர்கள் சலித்து வெளியே போவார்கள். அவன் மட்டும், "நீ சொல்லிக் குடுக்கலன்னா நான் தப்பாவே பாடிக்கினு திரிவேன்ணே" என்பான். மனதாரத்தான் சொல்வான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நவம்பரில் ஹரி ஒரு செய்தி கொண்டுவந்தான். மஸ்கட்டில் ஒரு ஓட்டலுக்குப் பாடகர் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர், குடும்பத்தோடு திருமலைக்கு வருகிறார். தரிசனம் முடிந்து இறங்கியதும் திருப்பதி லாட்ஜில் அரைமணி நேரம் தருவார். வாத்தியக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். ஒருவரைத்தான் கூட்டி வர வேண்டும்.

கொட்டகையில் காலிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பேசினோம்.

"நால்கு பேரும் போய் நின்னா ஒருத்தரையும் எடுக்க மாட்டாரு" என்றான் தெலுங்கு கலந்து பேசும் ஹரி. "ஒக்கடுதான், ஒரே ஆளு. எவரு?"

"சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா?" என்றான் பாபு.

"சீட்டுல ஹரி பேரு வந்தா இன்னா பண்ணுவ?" என்றான் தேவராஜ். "மஸ்கட்டுல இருக்கிற ஒட்டகமெல்லாம் கவுத்த அறுத்துக்கினு ஓடிப்பூடும்."

"ரேய், நுவ்வு பாடினா மட்டும்? அங்க கிளி கூட கிடையாது, எதை விரட்டுவ?"

சிரித்து முடித்த பிறகு தேவராஜ் குரலை இறக்கிச் சொன்னான். "வெளையாட்டு இல்லண்ணே. பாய்லர்ல உமிப் புகையில நிக்கிறேன். நாலு வருசமா நிக்கிற முனுசாமி அண்ணன் இருமுறதக் கேட்டியா? இன்னும் ரெண்டு சீசன் நின்னா எனக்குத் தொண்டை இருக்காது. போனா இப்பதான் போவணும்."

எனக்குப் பாய்லர் இல்லை. நிரந்தர வேலை இருந்தது. மஸ்கட் போகிற எண்ணமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். எனக்கு வேண்டியது வேறு. அந்த நான்கு பேரில் நல்ல குரல் என்னுடையது என்று வேறு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கூழுக்குச் செய்யற மாதிரி செய்யலாம்" என்றேன். "பேர் வேணாம். நம்பர் மட்டும். ருசி பார்க்கிற ஆறு பேரும் கேட்டு மார்க் போடட்டும்."

"அண்ணன் சொன்னா சரி" என்றான் தேவராஜ். "அண்ணனுக்கு அதான வேலை."

மேடமிடம் கேட்டேன். பருவமில்லாத மாதங்களில் குழுவின் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று வாரம் ஒருநாள் எங்களுக்குப் பயிற்சி வைப்பார். அன்று கூழுக்குப் பதில் பாட்டாக இருக்கட்டும் என்றார். எனக்குப் பதிலாக ஆறாவது கூண்டில் தானே உட்காருவதாகவும் சொன்னார். வரிசை போடுகிறவன் மதிப்பெண் போடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபுவின் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தேன். ஒரே பாட்டு, அதே நான்கு வரி. மூன்றாவது வரி படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு சொல் நான்கு எண்ணிக்கை நிற்கும். அங்கேதான் குரல் தெரியும். நான்கு பேரையும் வேறு வேறு நேரத்துக்கு வரச் சொன்னேன். வந்த வரிசையிலேயே ஒரே கேசட்டில் பதிவானது. யாருக்கும் சந்தேகம் வர இடமில்லை. முதலில் தேவராஜ், அடுத்து பாபு, மூன்றாவது ஹரி, ஹரிக்கு அடுத்து நான்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜை முதல் கிண்ணமாக வைத்தேன். என்னைப் புளித்த கூழுக்கு அடுத்து வைத்தேன். ஆறு பேருக்கும் அதே வரிசை.

சிவப்பு பல்பின் கீழ் ஒவ்வொருவராக ஹெட்போன் மாட்டிக் கேட்டார்கள். ஐம்பத்து நான்குக்கு எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. தேவராஜுக்கு முப்பத்தொன்பது, பாபுவுக்கு முப்பத்தொன்று, ஹரிக்கு இருபத்திரண்டு.

கொட்டகையில் படித்துச் சொன்னேன். ஹரி தன் மதிப்பெண்ணைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். தேவராஜ் எழுந்து வந்து என் தோளைத் தட்டினான். "எனக்கு அப்பவே தெரியும்ணே, நீதான்னு. போய்ட்டு வா. போன பெறகு எங்கள மறந்துடாத." அன்று அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பாய்லருக்கு நடந்தான். போகும்போது இருமினான். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் ஆறு தாள்களும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பரப்பி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் குரல்களின் எண்கள் ஒரே வரிசையில் இருந்தன.

"வரிசை எவரு போட்டது, ஏகாம்பரம்?"

"நான்தான் மேடம். கேசட் ஒண்ணுதான் இருந்தது. அதனால..."

"கேசட் ஒகட்டே. சரே. உள்ள வாங்க."

சோதனை அறையில் ஒரே ஒரு கூண்டில் பல்பு எரிந்தது. நான்கு கிண்ணங்கள். உட்காரச் சொன்னார். முதல் கிண்ணம் முற்றிப் பழுத்த தித்திப்பு. இரண்டாவது சாதாரணமாக இருந்தது, ஐந்து போட்டேன். தண்ணீர், பிஸ்கட். மூன்றாவது வாய் கூசும் புளிப்பு. நான்காவதை நாக்கில் வைத்தபோதே அவர் செய்வது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. எட்டு போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டும் நாலும் ஒரே பீப்பாய்ல எடுத்தது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் அஞ்சு, எட்டு."

"நாக்கு அப்படித்தான் சொல்லுது மேடம்."

"அவுனு, ஆமா" என்றார். "நாக்கு மேல தப்பு லேது."

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தார். வெளியே வந்து, கேசட்டில் இரைச்சல் இருந்ததாகவும் சோதனையை மறுபடி செய்யப்போவதாகவும் எல்லோரிடமும் சொன்னார். இந்த முறை நான்கு குரலுக்கும் நான்கு தனிக் கேசட். வரிசைப் பட்டியலை அவரே போட்டார். அடுத்த வாரம் வந்த முடிவில் தேவராஜுக்கு நாற்பத்தேழு. எனக்கு முப்பத்தாறு.

குழுவில் உட்காருகிறவர்களின் வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் என் பெயருக்கு நேராக மேடம் 'சளி' என்று எழுதினார். சளி பிடித்தவர் ருசி பார்க்கக் கூடாது. எனக்குச் சளி இல்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் அதே சொல். ஜூன் வந்து, பழம் வந்து, பருவம் முடியும்வரை பதிவேட்டில் எனக்குச் சளி பிடித்தபடியே இருந்தது. சக ஊழியர்கள் மிளகுக் கஷாயம் சொன்னார்கள். அவரோ நானோ அதைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

முதல் வாரச் 'சளி'யோடுதான் நான் திருப்பதிக்குப் போனேன். கிட்டார் வாசிக்க ஒருவன் கூட வரலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். தேவராஜ் வேறு யாரையும் நினைக்கவே இல்லை. "நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியம்ணே."

சித்தூரிலிருந்து போகும் பஸ்ஸில் புதுச் சட்டை கசங்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தான். கையில் தமிழ் எழுத்தில் புதிதாக நகல் எடுத்த பாட்டு. ஒரு வாரம் லீவு போட்டு பாய்லர் பக்கமே போகாமல், ஊரில் இருந்து தொண்டையைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தான். இதை அவனே சொன்னான். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. நான் வேறொரு நாளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் மூன்று மாதத்துக்கு முன்பு. பயிற்சியில் ஹரி விளையாட்டாகச் சுருதியை ஏற்றிப் பாடச் சொன்னான். வழக்கமான இடத்திலிருந்து அரைக் கட்டைதான் ஏற்றினோம். உச்சியில் நிற்கும் அந்தச் சொல்லில் தேவராஜின் குரல் பிசிறி, இரண்டாக உடைந்தது. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் எல்லை எங்கே என்று அன்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். அன்றைக்கு அவன் இரட்டை ஷிப்ட் முடித்து நேராக பாய்லரிலிருந்து வந்திருந்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது எங்கள் தொழிலில் முதல் நாளே விலக்கப்பட்ட தவறு.

லாட்ஜ் அறையில் ஏஜென்ட், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நான்கு பேருக்கும் புதிதாக மொட்டை அடித்து, தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. மேஜையில் லட்டுப் பொட்டலங்கள். ஏஜென்ட் துண்டால் காதோரத்தைத் துடைத்தபடி, "ரயிலுக்கு நேரமாகுது. ஒரு பாட்டு போதும், ஆரம்பிங்க" என்றார்.

கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்று ஒரு கவ்வி மாட்டுவோம். அது இருக்கும் கட்டத்தைப் பொறுத்துச் சுருதி ஏறும், இறங்கும். இந்தப் பாட்டுக்கு எப்போதும் இரண்டாவது கட்டம். சுருதி சேர்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கவ்வியைக் கழற்றி நான்காவது கட்டத்தில் மாட்டினேன். இரண்டு கட்டம், முழுதாக ஒரு கட்டை. அரைக் கட்டையில் உடைந்தவனுக்கு ஒரு கட்டை.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் மீட்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் கிட்டாரைப் பார்த்தேன். வழக்கமாக நுழையும் இடத்தில் அவன் நுழையவில்லை. இன்னொரு சுற்று போகட்டும் என்று விட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு நுழைந்தான். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரி ஏறத் தொடங்கியதும் நான் கேட்பதற்காகத் தலையைச் சாய்த்தேன். உச்சிச் சொல்லில் போய் நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தும் நின்றான்.

அதுவரை நான் கேட்டிராத குரல் அது. எங்கள் சுருதியில் பாடியவரை அவன் பாதிக் குரலில்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய பெண் கையில் லட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள். ஏஜென்ட்டின் கையில் துண்டு அப்படியே இருந்தது.

"பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

"எடுத்துட்றேன் சார்" என்றான் தேவராஜ்.

லாட்ஜ் படியிறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "இன்னாண்ணே, சொல்லாம கொள்ளாம ஒரு கட்டை ஏத்திட்ட? ஒரு நிமிசம் பக்குனு ஆயிடிச்சி. அப்புறந்தான் புரிஞ்சிது. முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன். என்னால முடியும்னு எனக்கே தெரியாதுண்ணே. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

மார்ச்சில் போனான். இரண்டு வருஷ ஒப்பந்தம் நான்காகி, மஸ்கட்டிலிருந்து துபாய்க்குப் போய், ஓட்டல் மாறி ஓட்டல் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாடினான். ஊரில் மாடி வீடு கட்டினான். குத்தகைத் தோப்பை விலைக்கு வாங்கினான். புளூ பேரல் அவன் போன ஆறாவது மாதம் கலைந்தது. எனக்கு அடுத்த பருவத்தில் சளி தீர்ந்து, குழுவில் இடம் கிடைத்து, வரலட்சுமி மேடம் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலிக்கும் வந்தேன்.

லீவில் வரும்போதெல்லாம் அவன் ஒரு கதையைச் சொன்னான். கல்யாண வீட்டில், சலூனில், பஞ்சாயத்து அலுவலகத்தில். ஏகாம்பரம் அண்ணன் ஒரு கட்டை ஏற்றியதால்தான் தனக்கு வாழ்வு வந்தது என்று. நான் ஓய்வு பெற்ற நாளில் மைக்கைப் பிடித்து அதையே சொன்னான். கூட்டம் கை தட்டியது. எனக்கு மாலை போட்டான். பாடகன் என்று யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. கெடுதல் செய்யப் போனதற்குத்தான் கிடைத்தது. அதையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, அச்சில் வருவதற்கு முன் நானே அவனிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. போன வாரம் நாகலாபுரத்துக்குப் போனேன். இப்போது ஊரோடு வந்துவிட்டான். மதியச் சாப்பாட்டு நேரம். "துன்னுக்கினே பேசலாம், வாண்ணே" என்று எனக்கும் இலை போட்டான். சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட் வரிசை, மேடமின் கிண்ணங்கள், பதிவேட்டுச் சளி, ஜன்னல் பக்கம் திரும்பியது. கடைசியில், "உன் குரல் உடையணும்னுதான் ஏத்தினேன்" என்றேன்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் பரவாயில்லை. வெளியே போ என்றாலும் பரவாயில்லை. அப்படியாவது இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்போம் என்று நினைத்தேன்.

குழம்புச் சோற்றைப் பிசைந்த கை நின்றது. பிறகு அவன் யோசித்தது என்னைப் பற்றி அல்ல என்று தெரிந்தது.

"அதுக்கு ஒரு கட்டை பத்தாதுண்ணே" என்றான். "இன்னும் அரைக் கட்டை ஏத்தியிருந்தியானா, கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பேன்."

"உடைஞ்சிருக்குமா?"

"தெரியல. பாத்துட்டா போச்சி. போன்ல சுருதிப் பெட்டி வச்சிருப்பியே, போடு."

"இப்பவா? வயசு அம்பத்தாறு ஆகுது உனக்கு."

"போடுண்ணே. அன்னிக்கு வச்சதுக்கு மேல அரைக் கட்டை."

சோற்றுக் கையை இலைமேல் பிடித்தபடியே எழுந்து நின்றான். கைபேசியை எடுத்தேன். அவன் அரைக் கட்டைதான் கேட்டான். நான் முழுக் கட்டையாக ஏற்றி வைத்தேன். சுருதி ஒலித்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். பாடினான். மூன்றாவது வரியில் ஏறும்போது குரல் கரகரத்தது. நான் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

உடையவில்லை.